தோண்டிய மண் எங்கே போயிற்று?

சில ஆண்டுகளாக நம் நாகலூர்ப் பக்கம் ஒரு புது ஆசை பரவியிருக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கொல்லைப்புறத்தில் ஒரு சின்னக் குளம் வேண்டும், அதன் தலைமாட்டில் ஒரு குட்டி அருவியும் விழ வேண்டும் என்கிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. மூடுபனி இறங்கும் ஊரில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனால் குளம் வெட்டும் இடங்களில் எல்லாம் நான் ஒன்றைக் கவனித்து வருகிறேன். குழி எங்கே, நீளம் எவ்வளவு, என்ன மீன் விடுவது, ஓரத்தில் என்ன செடி வைப்பது என்று எல்லாவற்றையும் பேசி முடித்திருப்பார்கள். வெட்டின மண்ணை எங்கே போடுவது என்று மட்டும் பேசியிருக்க மாட்டார்கள். இரண்டு நாளில் மண் ஆளுயரம் குவிந்த பிறகு, "சரிவுப் பக்கம் தள்ளிவிடுங்கள்" என்று ஒரு குரல் வரும். காப்பிச் செடிகளின் மேல் உருண்டு, ஓடையின் ஓரம்வரை அந்தச் செம்மண் போய்ச் சேரும்.

அரசு அலுவலகத்தில் பேரேட்டோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு இடத்தில் வரவு எழுதியே ஆகவேண்டும் என்பது எங்கள் வேதம். குளமும் அப்படித்தான். ஓரிடத்தில் பள்ளம் என்றால் இன்னோரிடத்தில் மேடு. அந்த மேட்டுக்குக் கணக்குச் சொல்லாமல் பள்ளத்தை மட்டும் எழுதினால் பேரேடு ஒருநாள் நம்மைப் பிடித்துக்கொள்ளும். பெரிய ஆட்கள் பெரிய குளங்கள் வெட்டியபோது இந்தக் கணக்கை எப்படி முடித்தார்கள் என்று பார்த்தால், நம் கொல்லைப்புறத்துக்கும் அதில் பாடம் இருக்கிறது.

நம் நாட்டில் ஏரி வெட்டியவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. ஏரியின் உள்ளே வெட்டிய மண்தான் ஏரியின் கரை. பள்ளமும் மேடும் ஒரே வேலையில் பிறந்தன. உள்வாயில் ஒரு கூடை மண் வெட்டினால் தண்ணீர் நிற்க ஒரு கூடை இடம்; அதே மண்ணைக் கரையில் கொட்டினால் இன்னும் கொஞ்சம் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். ஒரே கூடைக்கு இரண்டு பலன். அதனால்தான் நம் பேச்சில் ஏரியும் கரையும் பிரிக்க முடியாத சொற்களாகிவிட்டன.

மதுரையில் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645-இல் திருமலை நாயக்கர் காலத்தில் உருவானது. ஒரு பக்கம் சுமார் 1000 அடி இருக்கும் பெரிய குளம். நடுவில் மைய மண்டபம். தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா. நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பின்னால் தெப்பக்குளம் ஆயிற்று என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பதும் அந்தக் கதையின் தொடர்ச்சி. மண் செங்கல்லாகி அரண்மனைச் சுவரில் ஏறியது. பள்ளத்துக்கு வைகைத் தண்ணீர் கால்வாய் வழியே வந்தது. மகாலின் தூண்களை அண்ணாந்து பார்க்கிறவர்கள் கிழக்கே போய்த் தெப்பக்குளத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

இந்தக் கணக்குக்குப் பிரெஞ்சு மொழியில் அழகான இரட்டைச் சொற்கள் உண்டு. வெட்டி எடுக்கும் மண் 'தெப்ளே'. கொட்டி நிரப்பும் மண் 'ராம்ப்ளே'. நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. சேன் நதியின் கிளைநதிகளை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த பிறகே பாலாற்றைப் பற்றி எங்களுக்குச் சொன்னார்கள் என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த லாபங்களில் இந்த இரண்டு சொற்களும் சேர்த்தி. ஒன்றைச் சொன்னால் மற்றது நாக்கில் தானாக வந்துவிடும், நாம் மேடு பள்ளம் என்று சொல்வது போல.

இந்த இரண்டு சொற்களையும் தலைப்பில் வைத்து 1781-இல் ஒரு கணித மேதை கட்டுரை எழுதினார். அவர் பெயர் கஸ்பார் மோன்ழ். கோட்டை கட்டும் பொறியாளர்களுக்குப் பாடம் நடத்தியவர். கோட்டை என்றாலே அகழி. அகழி என்றாலே மண். அந்த மண்ணே மதில் மேடு. மோன்ழ் கேட்ட கேள்வி மிக எளியது. இங்கே இவ்வளவு மண்ணை வெட்டுகிறோம். அங்கே அவ்வளவையும் கொட்ட வேண்டும். எந்தக் கூடையை எந்த இடத்துக்குக் கொண்டுபோனால் மொத்தச் சுமை மிகக் குறைவாக இருக்கும்? சுமையின் எடையையும் சுமக்கும் தூரத்தையும் பெருக்கிப் பார்க்கச் சொன்னார். சிக்கனமான ஏற்பாட்டில் இரண்டு கூடைகள் போகும் வழிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாது என்றும் காட்டினார். வெட்டுகிறது என்றால், இரண்டு கூடைகளும் போய்ச் சேரும் இடத்தை மாற்றிக்கொண்டாலே இரண்டு பேருக்கும் நடை குறையும்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்தக் கேள்வியை முழுவதுமாக அவிழ்க்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இருபதாம் நூற்றாண்டில் ரஷ்யக் கணித அறிஞர் கந்தரோவிச் அதற்குப் பொதுவான வழி கண்டார். பொருள்களைச் சிக்கனமாகப் பங்கிடும் கணக்கில் அவர் செய்த பணிக்காக 1975-இல் பொருளாதார நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மண் கூடையில் ஆரம்பித்த கேள்வி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நாம் அதைச் சரிவில் தள்ளிவிட்டு முடித்துக்கொள்கிறோம்!

மோன்ழுக்குப் பிறகு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்துப் பாரிஸ் நகரில் நடந்தது இன்னும் சுவையானது. குளம், தோண்டிய மண், அருவி ஆகிய மூன்றும் ஒன்றாக வரும் கதை இது.

பிரான்சை ஆண்ட மூன்றாம் நெப்போலியனைப் புதுச்சேரிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததும், அதன் நினைவாகப் பூங்காவில் ஆயி மண்டபம் எழுந்ததும் அவர் காலத்தில்தான். அவர் இளமையில் லண்டனில் வாழ்ந்தவர். அங்கே ஹைட் பார்க்கில் பாம்புபோல் வளைந்து கிடக்கும் ஏரியைப் பார்த்து மயங்கியவர். ஆட்சிக்கு வந்ததும் பாரிஸின் மேற்கே உள்ள புவா த பூலோஞ் என்ற காட்டைப் பெரிய பூங்காவாக்கி, அதில் அதேபோல் ஒரு நீண்ட ஆறு வேண்டும் என்றார். தோட்டக்கலை நிபுணர் வரே என்பவரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. தோண்டத் தொடங்கிவிட்டார்கள்.

1853-இல் ஓஸ்மான் பாரிஸின் ஆட்சித் தலைவராக வந்தார். இன்றைய பாரிஸின் அகன்ற வீதிகளை எல்லாம் போட்டவர். வேலையைப் பார்வையிட வந்த அவருக்கு ஒரு சந்தேகம். மட்டம் வைத்துப் பார்த்தால், ஆற்றின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உயர வித்தியாசம் அதிகம். தண்ணீர் விட்டால் மேல் முனை காய்ந்து கிடக்கும்; கீழ் முனை கரை புரளும். தண்ணீருக்கு ராஜா என்றும் மந்திரி என்றும் தெரியாது. அது மட்டத்தைத்தான் மதிக்கும். இந்தக் கதையை ஓஸ்மானே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

வரே விலக்கப்பட்டார். பொறியாளர் அல்ஃபான் வந்தார். அவர்கள் தோண்டியதை மூடவில்லை. ஒரே ஆறு என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, மேலே ஓர் ஏரி, கீழே ஓர் ஏரி என்று இரண்டாகப் பிரித்தார்கள். மேல் ஏரியின் தண்ணீர் கீழ் ஏரியில் இறங்கும் இடத்தில் பாறைகளை அடுக்கி அருவி அமைத்தார்கள். இன்றும் அந்தச் சந்திக்கு 'அருவிகளின் சந்தி' என்றே பெயர். காட்டின் மறுபுறம் லோன்ஷான் பக்கம் இன்னும் பெரிய அருவி ஒன்று கட்டினார்கள். அதற்குப் பாறைகள் ஃபோந்தென்புளோ காட்டிலிருந்து வந்தன. ஏரிகளைத் தோண்டிய மண்? அதை ஓரிடத்தில் குவித்து, 'மோர்த்தமார் மேடு' என்று ஒரு சிறு குன்றாக்கி மரம் வைத்தார்கள். இன்று அங்கே உலவும் பாரிஸ்காரர்களில் எத்தனை பேருக்கு அது ஏரியின் வயிற்றிலிருந்து வந்த மண் என்று தெரியும்?

நமக்கு இதில் இரண்டு செய்திகள். ஒன்று, தோண்டிய மண் குன்றாகி அழகு கொடுத்தது. இரண்டாவது, அருவியை உண்டாக்கியது மண்ணோ பாறையோ இல்லை, மட்ட வித்தியாசம்தான். மண் அந்த வித்தியாசத்தைத் தாங்கி நிற்கிற வெறும் முட்டு. இதற்காகப் பாரிஸுக்குப் போக வேண்டியதும் இல்லை. ஏற்காடு ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் கிளியூரில் 300 அடி விழுகிறது. அங்கே மேலே ஏரி, கீழே அருவி. வீட்டுத் தோட்டத்தில் நாம் அதைத் தலைகீழாக்குகிறோம்: மேலே அருவி, கீழே குளம், கீழே வந்த தண்ணீரை மோட்டார் திரும்ப மேலே ஏற்ற வேண்டும்.

தோட்டமும் அருவியும் சக்கரவர்த்திகள் மட்டும் செய்கிற காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டிலேயே ஓர் அரசு ஊழியர், அதுவும் நம்மைப்போல் கீழ்நிலை ஊழியர், செய்து காட்டியிருக்கிறார். சண்டிகர் நகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த் தான் அவர். 1924-இல் பிறந்தவர், பிரிவினையின்போது இப்போதைய பாகிஸ்தானில் உள்ள தம் கிராமத்தை விட்டு வந்தவர். புதிய நகரம் எழுவதற்காகப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டன. ஓடு, உடைந்த பீங்கான், வளையல் துண்டு, கல், தார்ப் பீப்பாய் என்று யாருக்கும் வேண்டாத பொருள்கள் மலையாகக் கிடந்தன. 1957 வாக்கில் அவற்றை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு போய், சுக்னா ஏரிக்கு அருகில் கட்டடமே கூடாது என்று ஒதுக்கியிருந்த காட்டுக்குள் சேர்க்கத் தொடங்கினார். பகலில் அரசு வேலை, இரவில் தம் வேலை. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியாது.

1975-இல் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அங்கே சுமார் 12 ஏக்கரில் முற்றம் முற்றமாகச் சிலைகள் நின்றன. சட்டப்படி பார்த்தால் இடித்திருக்க வேண்டும். ஆனால் ஊர் மக்கள் ரசித்துவிட்டார்கள். 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் ஐம்பது தொழிலாளர்களும் கொடுத்தார்கள். கோப்புகளை நகர்த்தியே காலம் தள்ளிய எனக்கு, ஒரு நிர்வாகம் அப்படி ஒரு கோப்பில் கையெழுத்திட்டது இன்றும் வியப்புதான். அதற்குப் பின் கட்டிய இரண்டாம் பகுதியில்தான் அருவிகள் வந்தன. உயரச் சுவர், பாறை அடுக்கு, நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு, தண்ணீர் மேலிருந்து விழுகிறது. இமயமலைச் சாரலில் ஏதோ ஒரு மூலை என்று நினைக்கத் தோன்றும். எல்லாம் மனிதன் அடுக்கியது. 1984-இல் பத்மஸ்ரீ பெற்று, 2015-இல் மறைந்தார்.

நேக் சந்தின் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுக்னா ஏரி, இதே மண் கணக்கின் மறுபக்கத்தைச் சொல்கிறது. நம் மலைக்காரர்கள் கேட்க வேண்டிய பகுதி இதுதான். 1958-இல் சுக்னா ஓடையை மறித்து அந்த ஏரியை உண்டாக்கினார்கள். சண்டிகர் நகரத்துக்கு அது அழகு. ஆனால் ஓடை வருவது சிவாலிக் மலையடிவாரத்திலிருந்து. இளகிய மண் உள்ள மலை. மரமும் புல்லும் ஆடு மாடு மேய்ந்து அழிந்துபோயிருந்தன. ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து வந்து ஏரியில் படிந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. நகர மக்கள் கோடையில் கூடை எடுத்து வந்து வண்டல் வாரிச் சுமந்தார்கள். வாரியதைவிட வந்து சேர்ந்தது அதிகம்.

மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போனவர்கள் சுக்கோமாஜ்ரி என்ற சின்னக் கிராமத்தில் போய் நின்றார்கள். மண்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ரா அங்கே வேலை தொடங்கினார். 1976-இல் கிராமத்துக்கு மேலே மண் அணை கட்டி மழைநீரைத் தேக்கினார்கள். அந்தத் தண்ணீர் கிராமத்தின் வயலுக்குப் போயிற்று. வயல் விளைந்ததும், சரிவில் ஆடுகளை இஷ்டத்துக்கு மேய விடுவதில்லை என்று மக்களே முடிவெடுத்தார்கள். மலையில் புல் திரும்பியது. அந்தச் சரிவிலிருந்து ஏரிக்கு வரும் மண் வெகுவாகக் குறைந்தது. மலைமேல் ஒரு சிறு குட்டை, மைல்கணக்கில் தள்ளி இருக்கும் பெரிய ஏரியைக் காப்பாற்றுகிறது என்பதை அந்தக் கிராமம் நாட்டுக்கே காட்டியது.

இப்போது நம் மலையைப் பாருங்கள். வாணியாறு சேர்வராயன் மலையில் பிறந்து தருமபுரிப் பக்கம் இறங்குகிறது. சேலத்துக்குப் போகும் திருமணிமுத்தாற்றுக்கும் இந்த மலைத்தொடர்தான் தாய்வீடு. நாம் சரிவில் தள்ளும் ஒரு வண்டி மண் நம் கண்ணை விட்டு மறைந்ததும் காணாமல் போய்விடுவதில்லை. அது அடுத்த ஐப்பசி மழையில் ஓடைக்கு இறங்கி, யாரோ ஒருவருடைய ஏரியில் வண்டலாகிறது. பேரேட்டில் நாம் எழுதாமல் விட்ட வரவை அங்கே இயற்கை எழுதிவிடுகிறது.

கீழே இருப்பவர்கள் அந்த வண்டலோடு என்ன பாடுபடுகிறார்கள் என்பதற்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரியே சாட்சி. நம் மலையடிவாரத்தில் இருக்கும் 58 ஏக்கர் ஏரி அது. 2010-இல் சேலம் மக்கள் குழுவினர் அதைத் தூர் வார எடுத்துக்கொண்டபோது, அவர்களுக்கும் இதே கேள்வி எழுந்தது: வாரிய மண் எங்கே போகும்? லாரி வைத்து ஏற்றிப் போக ஆகும் செலவை யார் கொடுப்பது? அவர்கள் மண்ணை ஏரிக்கு வெளியே கொண்டு போகவே இல்லை. ஏரிக்குள்ளேயே ஆங்காங்கே குவித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட தீவுத் திட்டுகளாக்கி, மரக்கன்றுகள் நட்டார்கள். திட்டுகளுக்கு நடுவே ஆழம் கூடியது. மரம் வளர்ந்ததும் பறவைகள் வந்து கூடு கட்டின. மண்ணைத் தூரம் கொண்டுபோகாதே, பக்கத்திலேயே அதற்கு ஒரு வேலை கொடு என்பதுதான் அங்கே நடந்தது. மோன்ழ் பார்த்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

சரி, நம் கொல்லைப்புறத்துக்கு வருவோம். இந்த வரலாறு எல்லாம் ஒரு சின்னக் குளத்துக்கு எப்படிப் பொருந்தும்?

முதலில் கணக்கு. 10 அடி நீளம், 8 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு குழி என்று வைத்துக்கொள்வோம். 160 கன அடி. ஆனால் வெட்டிப் புரட்டிய மண் பொதபொதவென்று விரியும். கால் பங்கு கூடும். ஆகவே வெளியே கிடப்பது 200 கன அடி. மணல் லாரிக்காரர் பாஷையில் இரண்டு யூனிட். அதை அப்படியே கூம்பாகக் குவித்தால் சுமார் 13 அடி விட்டத்தில் நாலரை அடி உயரத்துக்கு ஒரு மேடு நிற்கும். மழையில் நனைந்து கொஞ்சம் அமரும். ஒரு குட்டி அருவிக்கு இந்த உயரம் தாராளம். வெளியே இருந்து ஒரு கூடை மண் வாங்க வேண்டாம். வெளியே ஒரு கூடை தள்ளவும் வேண்டாம். குளம் தன் அருவிக்கான மேட்டைத் தானே கொண்டுவருகிறது.

ஆனால் குவித்த மண் மேடாகிவிடாது. மேல் மண்ணைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இலை மக்கிய அந்தக் கறுப்பு மண் கடைசியில் செடிக்கு வேண்டும். அடியில் வரும் செம்மண்தான் மேட்டின் உடம்பு. மேடு நிற்கப்போகும் தரையில் புல்லையும் வேரையும் செதுக்கி, சரிவாக இருந்தால் படி வெட்டி, அதற்கு மேல்தான் மண் போட வேண்டும். வழவழப்பான சரிவின் மேல் கொட்டிய மண், நல்ல மழை பிடித்தால் பாய் சறுக்குவது போல் சறுக்கும். ஒரு சாண் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, அதன் பிறகு அடுத்த சாண். நம் தோட்டங்களில் சரிவுக்குக் கட்டும் கல்கட்டைப் போல, மேட்டின் கீழ்ப்புறம் சாந்து பூசாமல் கல் அடுக்கினால் உள்ளே போன மழைநீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். வீட்டுச் சுவருக்கு மேல்புறத்தில் மேடு எழுப்பவே கூடாது. முதுகில் வெட்டிவேர் நட்டால் அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

அருவிக்கான பெரிய கற்களைப் புது மண்ணின் மேல் உட்கார வைப்பதுதான் பலரும் அவசரத்தில் செய்வது. மண் அமர அமரக் கல் சாயும்; தண்ணீர் வழி மாறி மேட்டுக்குள் இறங்கும். கனத்த கற்களுக்குக் கெட்டித் தரைவரை அடித்தளம் வேண்டும். இல்லையென்றால் ஒரு மழைக்காலம் முழுவதும் மேட்டை அமர விட்டுவிட்டு, தை மாதத்துக்கு மேல் கல் வைக்கலாம். தண்ணீர் ஓடும் வழி முழுவதும் பண்ணைக் குட்டைக்கு விரிக்கும் கனத்த பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அதன் நுனி குளத்துத் தாளின் மேல் படியும்படி விட வேண்டும். தண்ணீர் விழும் இடத்துப் பலகைக் கல் இரண்டு விரற்கடையாவது முன்னால் நீட்டியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டே பின்னால் போய் மண்ணை அரிக்கும். வரே விட்ட இடத்தை நாம் விடக் கூடாது: குளத்தின் நாலு கரைக்கும் டியூப் லெவல் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு மூலை இரண்டு அங்குலம் தாழ்ந்தால் தண்ணீர் அந்த மூலை வழியாகத்தான் போகும். பெரிய மழைக்கு ஒரு கலிங்கும் வேண்டும்; மிகுதி நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும், மழை செய்யக் கூடாது.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. அந்தக் குளம் சுமார் 4500 லிட்டர் கொள்ளும். சித்திரை வைகாசியில் கிணறு வற்றும் ஊரில், குடிதண்ணீரை எடுத்து அருவி விட்டால் அக்கம்பக்கத்தார் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். 1000 சதுர அடிக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தாலே குளம் நிறையும். நமக்கு அவ்வளவு மழை ஓரிரு நாளில் கிடைக்கும் காலம் உண்டு. கூரைத் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பிவிட்டு, கோடையில் மோட்டாரை நிறுத்திவைப்பதே மரியாதை. ஓடும் காலத்திலும் பெரிய மோட்டார் தேவையில்லை. கடையில் 'ஹெட்' என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள்; அந்த உயரத்தில் தண்ணீர் வருவது நின்றுவிடும் என்று அர்த்தம், ஆகவே நம் அருவியின் உயரத்தைவிட அது தாராளமாக அதிகம் இருக்க வேண்டும். 40 வாட் மோட்டார் ஒருநாள் முழுவதும் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். மண்ணுக்கும் யூனிட், மின்சாரத்துக்கும் யூனிட்; இரண்டையும் எழுதி வைப்பது நல்லது. கொசுவுக்குப் பயந்தவர்கள் கம்பூசியா மீன் விட்டுவிடலாம்.

எழுபது வயது தாண்டியவர்கள் மண்வெட்டி பிடிக்கப் போவதில்லை. ஆனால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊருக்கு வந்து, "தாத்தா, இங்கே ஒரு குளம் வெட்டலாமா?" என்று கேட்டால், சொல்லும் இடத்தில் நாம் இருக்கிறோம். வெட்டச் சொல்லுங்கள். குழிக்குக் கோடு போடுவதற்கு முன், சுண்ணாம்புத் தூளை எடுத்து மண் கொட்டும் இடத்துக்கு முதலில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். அந்த வட்டத்துக்கு இடமில்லை என்றால் குழியைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். ஒரு கூடை மண்கூட வேலியைத் தாண்டி ஓடைப் பக்கம் போகக் கூடாது.